ஏலாது அண்ணையிடம் இரவல்

ஏலாது அண்ணையிடம் ஒன்றைக் கேட்டு, கேட்டதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர் என்று தீவுப்பகுதியில் ஒருவரும் இல்லை. இதை எழுதிய பிறகு, மிகைப்படுத்திவிட்டேனோ என்று பயம் வந்தது. ஊர்காவற்றுறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடம் விசாரித்துப் பார்த்தேன். அப்படி ஓர் ஆளை யாராலும் காட்ட முடியவில்லை. ஆகவே அந்த வசனத்தை அப்படியே விடுகிறேன்.

பெற்றோர் அவருக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருப்பார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்கும் கவுண்டரில் இருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் “ஏலாது” என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் தேய்ந்துபோயிற்று. அந்தச் சொல்லை அவர் கடுமையாகச் சொல்வதில்லை. கோயிலில் ஐயர் திருநீறு கொடுப்பதுபோல, நிதானமாக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுப்பார்.

வேலை முடிந்து ஊர்காவற்றுறையில் வீட்டுக்கு வந்த பிறகும் கவுண்டர் அவரைவிட்டுப் போகாது. ஒரு மாரி காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடு மாற்ற ஏணி கேட்டு வந்திருக்கிறார்.

“ஏணி பாவிக்கலாம். ஆனா வளவுக்கு வெளியில கொண்டுபோக ஏலாது. இஞ்ச வைச்சு ஏறும்.”

“இஞ்ச ஏறி என்ன செய்யிறது அண்ணை? ஒழுகிற கூரை எங்கட வீட்டிலயல்லோ இருக்கு!”

“அது உம்மட பக்கத்துப் பிரச்சினை. ஏணியில பிழை இல்லை.”

பஸ்ஸில் அவர் கையில் எப்போதும் பத்திரிகை இருக்கும். கேட்டால் தருவார், ஆனால் அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் வாசிக்க வேண்டும். ஒருநாள் யாரோ ஒருவர் வாசித்த ருசியில் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மண்கும்பானில் இறங்கிவிட்டார். ஏலாது அண்ணையும் பின்னாலேயே இறங்கினார். கடற்கரை வரைக்கும் அந்த மனிதரைத் துரத்திப்போய்ப் பத்திரிகையை மீட்டார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை தெருவோரத்தில் நின்று, முன்பே வாசித்து முடித்த அதே பத்திரிகையை மறுபடி வாசித்தாராம்.

கனடாவிலிருந்து வந்த வேலணைக்காரர் ஒருவரின் கதை இன்னும் பிரசித்தம். தகப்பனாரின் புத்தகங்களையெல்லாம் நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவர் அவர். அதில் ஒன்றை ஒரு கிழமைக்கு எடுத்துப்போய் வாசிக்க ஆசைப்பட்டு வந்தார்.

“ஏலாது,” என்றார் அண்ணை.

“அது நான் தந்த புத்தகம்!”

“ஓம், மெத்தப் பெரிய உபகாரம். முதல் பக்கத்தில உங்கட பேரும் அடிச்சிருக்கு. அந்த மேசையில இருந்து வடிவாப் பாருங்கோ.”

“என்ர அப்பான்ர புத்தகத்தை நான் எடுக்கக் கூடாதோ?”

“தாறவை வேற வகை, எடுக்கிறவை வேற வகை. நீங்கள் தந்த வகை.”

இந்தக் கதைகளையெல்லாம் கேட்டுச் சிரித்தவள்தான் நானும். அவருடைய கவுண்டரின் முன்னால் நான் போய் நிற்க வேண்டி வரும்வரை.

நான் சுருவிலில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அந்த நேரம் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். வெளிவாரி என்றால் விரிவுரை இல்லை, வகுப்பு இல்லை. வீட்டில் தானாகப் படித்துப் பரீட்சையை மட்டும் போய் எழுத வேண்டும். இறுதிப் பரீட்சையைக் கலியாணத்துக்காக ஒருமுறை தள்ளிவைத்தேன், பிள்ளைப்பேற்றுக்காக இன்னொருமுறை. இந்தமுறையும் எழுதாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். அத்தனை வருடப் படிப்பும் வீண். எழுதுவதற்கோ ஒரு புத்தகம் அவசியமாக இருந்தது. எங்கள் தீவுகளின் நிலத்தடி நீரைப் பற்றிய தடித்த பழைய புத்தகம். கடையில் இல்லை, இணையத்தில் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் மட்டும் ஒரே ஒரு பிரதி.

“ஆர் ஆர் புத்தகம் எடுக்கலாம் அண்ணை?” என்று கேட்டேன். நேராக எனக்குத் தருவீர்களா என்று கேட்கத் துணிவில்லை.

“உள்வாரி மாணவர் எடுக்கலாம். விரிவுரையாளர் எடுக்கலாம். நிரந்தர ஊழியர் எடுக்கலாம்.”

“வெளிவாரி?”

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “வெளிவாரி வரலாம்.”

“வந்து?”

“இருக்கலாம்.”

“இருந்து?”

“வாசிக்கலாம்.”

“பிறகு?”

“போகலாம்.”

பிரதி எடுக்கவும் வழியில்லை. கட்டு உடைந்த புத்தகம் என்பதால் இயந்திரத்தில் வைக்க விடமாட்டார்கள். கைத்தொலைபேசியைப் பையோடு வாசலில் கொடுத்துவிட வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏன் உவர்க்கிறது என்று விளக்கும் புத்தகத்தை எங்கள் கிணற்றடிக்குக் கொண்டுபோக ஏலாது என்பதை நினைக்க எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இருந்து வாசிப்பதில் எனக்கிருந்த சிக்கல் என் மகள். தவழத் தொடங்கியிருந்தாள். போத்தல் பாலை வாயில் வைத்தால் துப்பிவிடுவாள். கணவருக்கு வவுனியாவில் வேலை. கிழமை முடிவில்தான் வருவார். முதல்நாள் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அழுதழுது குரல் அடைத்துப் போய், என்னைக் கண்டதும் சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்தாள். அன்றிரவு பட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். விடிந்ததும் அந்த முடிவும் பிழையோ என்று தோன்றியது.

அடுத்தமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போய் கவுண்டரில் நின்றேன்.

“பிள்ளை உள்ள ஏலாது.”

“நித்திரை கொள்ளுவாள் அண்ணை. சத்தம் போடமாட்டாள்.”

மகள் உடனே “ஆ!” என்று ஒரு சத்தம் போட்டாள். வாசிப்பறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தலையை நிமிர்த்தினார்கள்.

ஏலாது அண்ணை சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, நேரசூசி வாசிப்பதுபோல் சொன்னார்: “எனக்கு இப்ப சாப்பாட்டு நேரம். வெளியில வேம்புக்குக் கீழ கிடக்கிற மர வாங்கில இருந்துதான் சாப்பிடுறனான். அந்த நேரத்துக்குப் பிள்ளையை என்னட்டைத் தரலாம்.”

இந்த மனிதரை எனக்கு எவ்வளவு தெரியும்? ஏணிக் கதை தெரியும், பத்திரிகைக் கதை தெரியும். பிள்ளையைத் தூக்கத் தெரியுமா? கை கழுவினாரா? மீன் முள்ளைப் பிள்ளையின் வாய்க்கெட்டும் இடத்தில் வைத்துவிடுவாரோ? என் பிள்ளையை யார் யார் தூக்கலாம் என்று எனக்குள்ளும் ஒரு சட்டம் இருந்தது. அம்மா தூக்கலாம், கணவர் தூக்கலாம், மச்சாள் இருந்துகொண்டு தூக்கலாம். இவர் எந்த வகை?

நான் தயங்குவது அவருக்கு விளங்கிவிட்டது. கோபிக்கவில்லை. அது நியாயமான தயக்கம் என்பதுபோல் தலையை ஆட்டினார். வெளியாட்கள் நூலகத்துக்குள் போவதென்றால் அடையாள அட்டையைக் கவுண்டரில் பிணையாகக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். என்னுடையது அவர் மேசையில்தான் கிடந்தது. அவர் தன் கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“பிடியும். பிள்ளையை நான் திருப்பித் தந்தாப் பிறகு இதைத் தாரும்.”

“ஐயோ, என்னண்ணை இது...”

“பிணை இல்லாமல் ஒரு சாமானும் வாங்க ஏலாது. நானும்தான்.”

அப்படித்தான் என் மகளை அவருக்கு இரவல் கொடுத்தேன்.

அன்றைக்கு நான் வாசித்ததைவிட யன்னலால் எட்டிப் பார்த்ததுதான் அதிகம். சாப்பாட்டுப் பார்சல் வாங்கில் அவிழ்க்காமலே இருந்தது. அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேம்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவள் அவருடைய கண்ணாடியில் கை வைத்தாள். “ஏலாது,” என்றார். பிடித்து இழுத்தாள். “ஏலாது, ஏலாது.” கழற்றி எடுத்து வாயில் வைத்தாள். அந்தக் கவுண்டரின் வரலாற்றில் ஏலாது என்று சொல்லப்பட்ட ஒன்றைப் பெற்றுக்கொண்ட முதல் ஆள் என் மகள்தான். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தெரிந்ததோ தெரியாது.

திருப்பித் தரும்போது முறைப்படி தந்தார். “ரெண்டு காப்பும் இருக்கு. தொப்பி இருக்கு. கன்னத்தில உள்ள கீறல் நீர் கொண்டுவரேக்கயே இருந்தது, நான் பார்த்தனான்.”

“ஓம் அண்ணை, அது அவளின்ர நகம்தான்.”

“அப்ப சரி. அட்டையைத் தாரும்.”

அதன் பிறகு முன்பள்ளி விடுமுறை நாட்களிலெல்லாம் போனேன். அவருடைய சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் பிள்ளையும் அட்டையும் கைமாறும். அவருடைய வேலை மறுபடி தொடங்குவதற்கு முன்பே பிள்ளை என் கையில் இருக்கும். ஒரு நிமிடம் கூட்டித் தரமாட்டார். விஷயம் பஸ்ஸுக்கும் எட்டியது.

“பிள்ளை, ஏலாது அண்ணை உம்மட மகளுக்குத் தாலாட்டுப் படிக்கிறாராமே?” என்று பின் கதிரை அக்கா கேட்டார்.

“தாலாட்டு இல்லையக்கா. ஆர் ஆர் புத்தகம் எடுக்கலாம் எண்டு வரிசையாச் சொல்லுவார். வெளிவாரி வாறதுக்கிடையில நித்திரையாப் போயிடுவாள்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அவரைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பண்ணைப் பாலம்வரை யோசித்துக்கொண்டு போனேன்.

இதைக் கேள்விப்பட்டு இன்னொரு வெளிவாரித் தாயும் பிள்ளையோடு வந்தாராம். “ஏலாது. ஏற்கெனவே ஒண்டு எடுத்திருக்கிறன்,” என்று அண்ணை சொல்லிவிட்டார். பிறகு மனம் கேளாமல், நான் வராத நாட்களை அந்தத் தாய்க்கு ஒதுக்கிக் கொடுத்தார் என்று அறிந்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது உண்மை.

பரீட்சைக்கு முந்திய கிழமை. புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மிச்சம். நல்ல நீரும் உவர்நீரும் நிலத்துக்குக் கீழே எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன என்பது அதில்தான் இருந்தது. வினா கட்டாயம் வரும். சாப்பாட்டு நேரத்துக்குள் அதை வாசித்து முடிக்க என்னால் முடியாது. அதற்குமேல் அன்றைக்கு மழை. வேம்பின் கீழ் நிற்க இயலாது. திரும்பிப் போய்விடலாம் என்று வாசலில் நின்றேன்.

ஏலாது அண்ணை குடையோடு வெளியே வந்தார். அட்டையை நீட்டினார். “சைக்கிள் கொட்டகைக்குள்ள நிக்கிறன். நீர் ஆறுதலா வாசியும்.”

“நேரம் காணாதே அண்ணை?”

“காணும். போம்.”

வாசித்தேன். அன்றைக்கு ஒருமுறைகூட யன்னலால் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது பின்னேரம் நன்றாகச் சாய்ந்திருந்தது. பதறிக்கொண்டு கவுண்டருக்கு ஓடினேன். அவருடைய கதிரையில் வேறொரு தம்பி இருந்தார்.

“அண்ணை எங்க? அவருக்கு ஏச்சு விழப்போகுது. என்னால வந்தது. அவர் வேலை நேரத்தில...”

“வேலை நேரமோ? அவர் மத்தியானமே அரை நாள் லீவு போட்டிட்டார் அக்கா,” என்றார் தம்பி. “இஞ்ச வந்து சேர்ந்த நாளில இருந்து ஆள் லீவே எடுத்ததில்லையாம். வீட்டில ஏதும் விசேஷமோ எண்டு நாங்கள் எல்லாரும் யோசிச்சுக்கொண்டிருக்கிறம்.”

ஒழுகிக்கொண்டிருந்த கொட்டகையில் மகள் அவர் தோளில் நித்திரையாக இருந்தாள். குடை முழுவதும் அவள் பக்கம் சரிந்திருந்தது. அவருடைய மற்றத் தோள் நனைந்து சட்டை ஒட்டியிருந்தது. லீவு போட்டது எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. காப்பு இருக்கிறது, தொப்பி இருக்கிறது என்று மெல்லிய குரலில் ஒப்புவித்து, எழுப்பாமல் தந்தார்.

வினா வந்தது. எழுதினேன். பெறுபேறு வந்தபோது பஸ்ஸில் அவருக்கு முன் கதிரையில் இருந்து, திரும்பிச் சொன்னேன்.

“பாஸ் அண்ணை.”

“நல்லது.” பத்திரிகையை மடித்தார். “அப்ப இனி அந்தப் புத்தகம் உமக்குத் தேவைப்படாது,” என்றார்.

“தேவைப்படாது அண்ணை.”

அவர் வெளியே கடலைப் பார்த்தார். “பிள்ளை எழும்பி நிக்கிறாளோ?”

“பிடிச்சுப் பிடிச்சு நடக்கிறாள்.”

“ஓ.” அதற்குப் பிறகு பட்டணம் வரும்வரை அவர் பத்திரிகையை விரிக்கவில்லை.

அடுத்த விடுமுறை நாளில், பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு, அவருடைய சாப்பாட்டு நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். எனக்கு அங்கே வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை.