புடலம் பந்தலுக்குப் போட்ட நெத்தலி வலை

பரீட்சையில் சித்தியடைந்த புதிதில் யாரிடமும் தோட்டத்தை ஒப்படைக்கக் கூடாது. சித்தியடைந்தவள் நானே என்பதால் துணிந்து சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாங்கில் ஒழுங்காக இருந்து படித்த முதல் ஆள் நான். கட்டைபறிச்சானிலிருந்து மூதூருக்கு வந்து, குடாவைக் கடக்கும் லோஞ்சுப் படகேறி, திருகோணமலையில் விடுதியில் தங்கிப் படித்தேன். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி. (தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்று அம்மா சொல்வது பொய். நிறையவே கனத்தது.) அந்தத் தலையோடு வந்து நான் முதலில் குறை கண்டது அப்பாவின் புடலம் பந்தலில்.

பொழுதுபட்டதும் பந்தலைச் சுற்றிச் சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் பறந்தன.

"அப்பா, இதுகள்தான் முட்டை போடுறது. முட்டையில இருந்து புழு வந்து இலையெல்லாம் தின்னும். உள்ள விடவே கூடாது."

"பூவுக்கு வாற பூச்சியெல்லே பிள்ளை?"

"பூவுக்குத் தேனீ இருக்கு. மகரந்தச் சேர்க்கை தேனீயின்ர வேலை. புத்தகத்தில படமே போட்டிருக்கு."

மகரந்தச் சேர்க்கை என்ற நீளமான சொல்லைக் கேட்டதும் அப்பா சரணடைந்தார். குடாவில் மீன்பிடிக்கும் பெரியப்பாவிடம் போய்ப் பழைய நெத்தலி வலையொன்று கேட்டார். பெரியப்பா வலையைத் தந்தார். கூடவே வாயையும் திறந்தார்.

"மீனுக்குப் போட்ட வலைய இவள் புடலங்காய்க்குப் போடப் போறாளோ? பெட்டையளப் படிக்க விட்டா இதுதான் நடக்கும். சின்னவளையும் விடுதிக்கு அனுப்பப் போறியோ?"

அப்பாவுக்குச் சுட்டுவிட்டது. "இந்தப் பந்தல் காய்க்கட்டும் அண்ணன். காய்ச்சா வசந்தியையும் அனுப்புவன். காய்க்காட்டி உங்கட சொல்லுத்தான்."

என் தங்கை வசந்தி அன்றைக்கே விடுதிக்குப் போக உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். அவளுக்கு அக்காவில் அவ்வளவு நம்பிக்கை.

பொழுதுபடுமுன் பந்தலை வலையால் மூடுவேன். விடிந்ததும் தேனீக்களுக்காக மரியாதையாகத் திறந்து விடுவேன். நூல் நூலாகக் கரை வைத்த வெள்ளைப் பூக்கள் பின்னேரம்தான் விரிந்தன. நான் வலையைச் சுருட்டும்போது அவையும் சுருண்டு கிடந்தன. தேனீக்கள் ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வளவுப் பூசணிக்குப் போயின. இதையெல்லாம் தினமும் பார்த்தேன். (பார்த்தேன் என்றுதான் சொன்னேன், விளங்கியது என்று சொல்லவில்லை.)

ஒரு காலை பந்தலின் கீழே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நிலமெல்லாம் காயாகாமலே மஞ்சளித்து உதிர்ந்த பிஞ்சு. காய் நேராக வளர நுனியில் கட்டிவிட நான் பொறுக்கி, கயிறு போட்டு வைத்திருந்த கற்கள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

செய்தி கேட்டுப் பெரியப்பா வந்தார். "காய் எங்க பிள்ளை? இந்தக் கல்லுகளையோ லோஞ்சில ஏத்தப் போறியள்?"

வசந்தி அழுதுகொண்டு பந்தலின் பின்பக்கம் ஓடினாள். உடனே சத்தம் போட்டாள்: "அக்கா! இஞ்ச ஓடி வாங்கோ!"

அந்த மூலையில் மட்டும் கொத்தாகப் புடலங்காய்! அங்கே வலை கிழிந்திருந்தது. கிழித்தது பெரியப்பாவின் ஆடு. இலை கடிக்கத் தலையை விட்டு இழுத்திருக்கிறது.

அன்று பொழுதுபடும் நேரம் எல்லோரும் அந்த ஓட்டையடியில் நின்றோம். ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்தது. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி, சுருட்டி வைத்திருந்த நீள நாக்கை விரித்துப் பூவுக்குள் விட்டது. பிறகு அடுத்த பூ. அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகூர்த்த நேரத்தில் கலியாண வீட்டைப் பூட்டி, மாப்பிள்ளையைத் துரத்திவிட்டு, விடிந்தபின் கதவைத் திறந்து வைத்தவள் நான்!

புடலம் பூவுக்கு மகரந்தம் கொண்டுவருவது இந்த இரவுப் பூச்சிதான், அதை வலை போட்டுத் தடுத்தது நான்தான் என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அப்ப என்ர ஆட்டுக்குத் தெரிஞ்சது இவளுக்குத் தெரியேல்ல."

"ஓம் அண்ணன்," என்றார் அப்பா. "அதுதான் வசந்தியையும் அனுப்பப் போறன். ஒருத்தி மட்டும் படிச்சா வீட்டுக்கு ஆபத்து. பிழை பிடிக்க இன்னொருத்தி வேணும்."

"பந்தல் காய்க்கேல்லையே!"

"மூலையில காய்ச்சுத் தொங்குதே. உங்கட ஆட்டின்ர புண்ணியம்."

வசந்தி இப்போது விடுதியில் இருந்து படிக்கிறாள். என் பிழைகளைப் பிடிப்பதில் அவளுக்கு அதிவிசேட சித்தி. நான் ஆசிரியை. ஆனாலும் வீட்டில் "புத்தகத்தில..." என்று நான் வாயெடுத்தால் போதும், குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வரும்:

"கொஞ்சம் பொறு பிள்ளை. பெரியப்பாவின்ர ஆட்டையும் ஒருக்காக் கேட்டிட்டு முடிவெடுப்பம்."