டபுள் விசிலும் பாய் வீட்டு டிவியும்

கள்ளக்குறிச்சியில் எந்த வீட்டு டிவியில் சேனல் காணாமல் போனாலும், அது வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் டபுள் விசிலுக்குத் தெரிந்துவிடும். கேபிள் ஒயரில் காதை வைத்துக் கேட்பாரோ, காற்றில் மோப்பம் பிடிப்பாரோ, அந்த ரகசியம் மட்டும் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. நாம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்.

"இன்னா, ரெண்டு சேனல் கம்மியா கீதா?"

அவருக்கு அம்மா அப்பா ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். ஒரு விசில் கொடுத்தால் பஸ் நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும். இவர் நிறுத்துவதற்கும் கிளப்புவதற்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடைவெளி தரமாட்டாராம். கரியாலூரில் இறங்க வேண்டியவர் ஒரு காலைக் கீழே வைத்து, மறு காலோடு வெள்ளிமலை போய்ச் சேர்ந்த கதையெல்லாம் உண்டு. மலைக்காரர்கள் வைத்த பெயர் டவுன்வரை இறங்கி வந்து ஒட்டிக்கொண்டது.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக மாற்றலாகி, அவர் வீட்டு மாடியில் குடியேறினேன். முதல் நாள் அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பினால், மனிதர் கூடத்தில் என் டிவிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பால் அது பாட்டுக்குப் பொங்கட்டும் டீச்சர். பொட்டி இன்னா வெச்சிருக்குதுன்னு மொதல்ல பாப்போம்."

மெனுவை அமுக்கி, செட்டிங்கில் இறங்கி, பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் சைபர்களாகத் தட்டி, ஸ்கேன் என்ற வரியில் ஓகே கொடுத்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. பெட்டி ஒவ்வொரு சேனலாகத் தேடிப் பிடித்து வரிசையில் பெயரைப் போட்டது. நமக்கு அது ரீஸ்கேன். அவருக்கு அது டிரிப். எழுந்து நின்று, வளைவில் பஸ் திரும்புவதுபோல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டு சேனல் ஏறிக்கோ! நியூஸெல்லாம் உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத! சாமி சேனல், முன்னாடி எடம் கீது பாரு! கார்ட்டூனு, டிரைவர் பக்கத்துல நிக்காத!"

பச்சைக் கோடு கடைசிக்கு வந்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து இரண்டு விசில். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தே போயிருந்தது.

அவருடைய வைத்தியசாலையில் எல்லா வியாதிக்கும் இந்த ஒரே மருந்துதான். படம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் ரீஸ்கேன். சத்தம் கம்மியானால் ரீஸ்கேன். மழையில் மின்கம்பமே சாய்ந்து கிடந்தபோதுகூட, ஒரு ரீஸ்கேன் போட்டுவிட்டால் கம்பம் நிமிர்ந்துவிடும் என்கிற மாதிரிதான் பேசினார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் படுங்க டீச்சர். காத்தால எந்திரிச்சா தானா வந்துடும்" என்றார். அவர் மனைவி மல்லிகா அக்கா கஷாயத்தோடு வந்து, "எனக்கு மட்டுந்தான் இந்தாளு இன்னும் ரீஸ்கேன் போடல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்து வீடு பாத்திரக்கடை பாயுடையது. இருவரும் வாலிப வயசிலிருந்து சிநேகிதர்கள். அந்தச் சிநேகத்தை ஒரே நிமிஷத்தில் முறித்ததும் இந்த ரீஸ்கேன்தான்.

அன்றைக்கு கிரிக்கெட் ஃபைனல். தெருவிலேயே பாய் வீட்டு டிவிதான் பெரியது. ஆம்பிளைகள் எல்லாம் கூடத்தில், நானும் மல்லிகா அக்காவும் உள்கட்டில் பாயம்மாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தோம். கடைசி ஓவர். ஜெயிப்பதா தோற்பதா என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் விளம்பரம் போட்டார்கள். ரிமோட் யார் கையில் இருக்க வேண்டுமோ, அவர் கையில் இல்லை.

விளம்பரம் முடிவதற்குள் சும்மா நம்பர்களைத் தட்டிப் பார்த்த டபுள் விசில், "பாய், உன் பொட்டில விவசாயச் சேனலக் காணமே?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஓகேயை அமுக்கிவிட்டார்.

திரை நீலமாகிவிட்டது. பச்சைக் கோடு, லோடு ஏற்றிய லாரி மலை ஏறுகிற வேகத்தில் நகர்ந்தது. படம் திரும்பி வந்தபோது ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே பட்டாசு வெடித்தது. எப்படி ஜெயித்தோம் என்று அந்தக் கூடத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

பாய் எழுந்து நின்றார். "கண்டக்டரே, இனிமே உன் காலு என் வூட்ல படக்கூடாது."

"உன் பொட்டிக்கு நல்லதுதானே பண்ணேன்? பழசவிட ஜாஸ்தி ஏத்திக் குடுத்துக்கீறேன், எண்ணிப் பாரு!"

அதோடு பேச்சு நின்றது. வருஷக்கணக்கில் நின்றது. தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்வார்.

அப்புறம் ஒருநாள் பாயம்மா மௌத்தாகிவிட்டார். சாமியானாவுக்குச் சொன்னது, நாற்காலி இறக்கியது, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தது, எல்லாம் டபுள் விசில்தான். பாய் வீட்டு வாசல்படியை மட்டும் அவர் தாண்டவில்லை. பாய் வெளியே வந்தபோது இவர் குனிந்து நாற்காலிகளை வரிசையாக்கினார்.

கடையை மருமகனிடம் விட்டுவிட்டுப் பாய் வீட்டோடு இருந்துவிட்டார். அதிலிருந்து அவர் வீட்டில் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை டிவி அலறியது. நியூஸ், பாட்டு, சமையல், மாட்டுத்தீவனம், எதுவானாலும் சரி. "அந்தாளுக்குக் காது கீதா இல்லியா?" என்று டபுள் விசில் தினமும் திட்டுவார். ஆனால் அந்தப் பக்கத்து ஜன்னலை அவர் ஒருநாளும் சாத்தி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் கேபிள்காரர்கள் என்னவோ மாற்றப்போக, காலையில் தெரு முழுக்க எல்லா டிவியும் நீலமாகிவிட்டது. கேபிள் ஆபீஸ் போனை யாரும் எடுக்கவில்லை. டபுள் விசிலுக்குத் தேர்த் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. வீடு வீடாக டிரிப் அடித்தார். சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அநேகமாக எல்லா வீட்டிலும் டிவி பாடிக்கொண்டிருந்தது. மனிதர் மட்டும் மாடிப்படியில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

"என்ன சார், உடம்புக்கு முடியலையா?"

"டீச்சர், பக்கத்து வூட்ல சத்தமே இல்ல."

"நல்லதுதானே சார், இன்னிக்காவது காதுக்கு நிம்மதி."

"இன்னா நிம்மதி? காத்தாலேர்ந்து இல்ல. நீங்க போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. கவர்மெண்டு அனுப்புச்சுன்னு சொல்லுங்க."

போனேன். பாய் நன்றாகத்தான் இருந்தார். நீலத் திரைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு இந்தப் பட்டனெல்லாம் தெரியாது டீச்சரம்மா. இருந்தவரைக்கும் அவதான் இதெல்லாம் பாத்துக்கினா" என்றார். ரிமோட்டை வாங்கி எனக்குத் தெரிந்தவரை அமுக்கினேன். மெனு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. அப்போது காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் பப்பாளி மரத்திடம் பேசியது.

"மெனு வந்தவங்க கீழ் அம்ப அமுக்கலாம். யாரையும் சொல்லல. பொதுவா சொல்றேன்."

பாய் கூரையைப் பார்த்தார். "டீச்சரம்மா, இங்க கீழ் அம்பு வேல செய்யலன்னு நீங்களும் பொதுவா சொல்லிடுங்க."

நான் சொன்னேன்.

"பேட்டரியக் கழட்டித் திருப்பிப் போடச் சொல்லுங்க டீச்சர்!"

"போட்டாச்சுன்னு சொல்லுங்க டீச்சரம்மா."

"அப்படின்னா வெரல் வெக்கத் தெரியலன்னு சொல்லுங்க டீச்சர்!"

எனக்கு வாயைத் திறக்கவே பாய் இடம் கொடுக்கவில்லை. "யோவ் கண்டக்டரே! செவுத்துகிட்ட பேசிக்கினு இருக்காம உள்ள வாய்யா!"

கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்பு கழன்றது. ஆனால் ஆள் படியிலேயே நின்றார்.

"காலு படக்கூடாதுன்னியே?"

"அப்ப தலகீழா நடந்து வா."

நேராகவே வந்தார். ரிமோட்டை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். மேசையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

"காத்தாலேர்ந்து இப்படியேவா குந்திக்கினு கீற? ஒரு கொரல் குடுத்தா இன்னா?"

"நான் எங்க டிவி பாக்குறேன்?" என்றார் பாய். "அவ போனப்பறம், சத்தம் இல்லன்னா வூடு ரொம்பப் பெருசா ஆயிடுது கண்டக்டரே. சமையக்கட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள காலு வலிக்குது."

டபுள் விசில் வேலை செய்யாத அந்தக் கீழ் அம்பை நகத்தால் அழுத்திக் கீழே இறங்கி, ஸ்கேனில் ஓகே கொடுத்தார். பச்சைக் கோடு நகர்ந்தது. சேனல்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

பாய்தான் கேட்டார். "இன்னா, வாயத் தொறக்காம வண்டி ஓட்டுற? யார் ஏறுறாங்கன்னு தெரிய வாணாமா?"

டபுள் விசில் தொண்டையைச் செருமினார். "பாட்டு சேனல்..." மறுபடி செருமினார். "பாட்டு சேனல் ஏறிக்கோ."

மறுநாளிலிருந்து சாயங்காலமானால் அவர் பாய் வீட்டில்தான். சத்தத்தைக் கூட்டு, குறை என்று தெருமுனைவரை சண்டை கேட்கும். கிரிக்கெட் நாட்களில் மட்டும் பாய் ரிமோட்டைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொள்வார். மல்லிகா அக்கா இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் குழம்பு கொடுத்தனுப்புவார். எனக்குச் சின்னசேலத்துக்கு மாற்றல் வந்துவிட்டது; இப்போதும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்கிறேன். இரண்டு பேரும் சௌக்கியம். சண்டையும் சௌக்கியம்.

ஆனால் டபுள் விசில் என்றதும் என் நினைவுக்கு வருவது, பாய் வீட்டிலிருந்து அவர் திரும்பிய அந்த முதல் சாயங்காலம்தான். நான் மாடிக்குப் போக இரண்டு படி ஏறியிருப்பேன். உள்ளே மல்லிகா அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இவர் போய் எதிரில் உட்கார்ந்தது கேட்டது.

"மல்லிகா, எதனா பேசேன்."

"இன்னா பேசறது, திடீர்னு?"

"எதனா. காய்கறி இன்னா வெல விக்குதுன்னு சொல்லு."

"நீதானே காத்தால வாங்கிக்கினு வந்த? உனக்குத் தெரியாத வெலையா?"

"பரவால்ல. சொல்லு."

அக்கா கத்தரிக்காயிலிருந்து ஆரம்பித்தார். இவர் ஒவ்வொன்றுக்கும், இப்போதுதான் முதல்முதலாகக் கேட்பவர்போல் "ம்" கொட்டினார். திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, கொத்தமல்லி வரும்வரை நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.