பேஸ்மென்றில் படித்த பிரேமன்

இதை நான் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எது இடம், எது வலம் என்பதில்தான் கதையே இருக்கிறது. ஒன்றை மாற்றிச் சொன்னால் பழி என் தலையில். என் மனுசன் மகேஸ்வரன் இப்போதே ஆட்களிடம் வேறுவிதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆகவே மெதுவாகச் சொல்கிறேன்.

அவர் கனடாவுக்கு வருவதற்கு முன்பு ஜெர்மனியில் பிரேமன் என்ற துறைமுக நகரத்தில் இருந்தவர். அகதி முகாமில் நாலு மாதம். ரொறன்ரோவில் முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அது நாலு வருடமாக வளர்ந்துவிட்டது. மில்லிக்கன் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுக் கமலாம்பிகை அக்கா ஒருநாள் மெதுவாகக் கேட்டா:

"நாகேஸ், உம்மடை மனுசன் எந்தநேரமும் பிரேமன், பிரேமன் எண்டுறார். ஆர் அந்தப் பெடியன்? தேனுகாவுக்குப் பாத்திருக்கிறியளோ?"

போன கோடையில் அந்தப் பிரேமனிலேயே அவருடைய தங்கையின் மகளுக்குக் கலியாணம் வந்தது. கலியாணத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் எங்களுக்கு விமானம். காலையில் பழைய நகரத்தைப் பார்க்கலாம் என்று எங்கள் மகள் தேனுகா சொன்னாள்.

"அம்மா, அங்கை கைடட் வோக் இருக்கு. ரெண்டு ரிக்கற் புக் பண்ணட்டா?"

மனுசன் துள்ளி எழுந்தார். "கைட்டோ? நான் உயிரோடை இருக்கேக்கை கைட்டோ? அந்த இடம் எனக்கு உள்ளங்கை!"

"அப்பா, நீங்க அங்க போய் தேர்ட்டி எய்ற் இயர்ஸ்."

"உள்ளங்கை மாறுமோ பிள்ளை?"

"ரேகை மாறுமாம்," என்றேன்.

"உமக்கு வாய் மட்டும் மாறாது," என்று கீழே இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து பேஸ்மென்றில் ஒரே நடை. ட்ரெட்மில்லுக்கு முன்னால் ரிவி. அதில் ஓடும் வீடியோவில் மஞ்சள் குடை பிடித்த ஒரு வெள்ளைக்காரி பிரேமனின் ஒடுங்கிய ஒழுங்கைத் தெருக்களைச் சுற்றிக் காட்டுவாள். இவர் அவளுக்குப் பின்னால் ட்ரெட்மில்லில் நடப்பார். அவள் இடப்பக்கம் திரும்பினால் இவரும் தோளைத் திருப்புவார். ஒருநாள் மெய்மறந்து முழுதாகவே திரும்பி, அழுக்கு உடுப்புக் கூடைக்குள் விழுந்தார். ஆறு கிழமையில் பிரேமனைப் பாடமாக்கி முடித்தார். தொப்பை வண்டியும் கொஞ்சம் வற்றியது. அது ஒன்றுதான் மிச்சம்.

எனக்கு நித்திரை வரவில்லை. பாஷை தெரியாத ஊர். பாஸ்போட்டுகள் என் கைப்பையில். வழி தவறினால் விமானமும் தவறும்.

அந்த நாளும் வந்தது. பழைய நகரத்தில் ஷ்நூர் என்பது ஆற்றுக்கும் பெரிய தேவாலயத்துக்கும் நடுவில், முந்தி மீன்பிடிகாரரும் கப்பல்காரரும் வாழ்ந்த பகுதி. சின்னச் சின்ன வீடுகள், மாலை கட்டினதுபோல ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். தேவாலயத்தடியில் ட்ராமால் இறங்கினோம்.

"பின்னாலை வாரும்," என்று மனுசன் நெஞ்சை நிமிர்த்தினார். "முதல் இடம், பிறகு வலம், பிறகு இடம்."

அங்கேதான் கணக்குப் பிழைத்தது. வீடியோ தொடங்குவது ஆற்றங்கரையில். நாங்கள் நுழைந்தது மறுமுனையால். அவர் படித்த இடமெல்லாம் வலம், வலமெல்லாம் இடம். அரை மணித்தியாலத்தில் ஒரு பொம்மைக் கடையை மூன்று தரம் கடந்தோம். கண்ணாடிக்குள் நின்ற கரடிக்கு எங்களைப் பழகிவிட்டது.

"இஞ்சருங்கோ, ஆரையும் கேப்பமோ?"

"நானே இந்த ஊர்க்காரன். நான் ஆரைக் கேக்கிறது?" என்றார். பிறகு கதையை மாற்றினார். "இந்த ஒழுங்கையைப் பாரும். புருசனும் பெண்சாதியும் சோடியாய் நடக்கேலாது. ஆர் முன்னுக்கு எண்டதை வீட்டிலையே முடிவெடுத்திட்டு வரவேணும். நான் அப்பவே இதைச் சொல்லிச் சிரிக்கிறனான்."

அந்த நேரம் முன்னாலிருந்து ஒரு கூட்டம் வந்தது. தலைக்குமேல் ஒரு மஞ்சள் குடை. குடைக்குக் கீழே, எங்கள் பேஸ்மென்ற் வெள்ளைக்காரி.

அவள் நின்று அதே பகிடியை ஆங்கிலத்தில் சொன்னாள். கூட்டம் சிரித்தது.

"பாத்தீரோ," என்றார் மனுசன், கண் இமைக்காமல். "அந்தக் காலத்திலை நான் சொன்னது, இண்டைக்கும் ஊருக்குள்ளை நிண்டு பிடிக்குது."

பிறகு அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டார். பத்தடி பின்னால் நின்று, அவள் ஒரு வரி சொல்ல இவர் இரண்டு வரி தமிழில் முழங்கினார். அவளுடைய சத்தம் எடுபடவில்லை. நாலாவது தெரு முடக்கில் குடையை மடக்கிக்கொண்டு நேரே இவரிடம் வந்தாள்.

"ரிக்கற் இருக்கிறதா?"

"நான் இங்கே நாலு வருடம் வாழ்ந்தவன்," என்றார் ஆங்கிலத்தில்.

"அப்படியென்றால் உங்களுக்கு நான் தேவையில்லையே."

நான் கைப்பையைத் திறந்து ரிக்கற் கடதாசியை எடுத்தேன். ரொறன்ரோவில் அவருக்குத் தெரியாமல் தேனுகாவைக்கொண்டு எடுத்தது. ஒன்றே ஒன்று. அவருக்கும் எடுத்தால் அவருடைய மானம் போய்விடும் என்று யோசித்தேன்.

மனுசன் கடதாசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

வெள்ளைக்காரி தன் பட்டியலில் என் பெயருக்கு நேரே கோடு போட்டாள். பிறகு, இந்த நடை முடியும் இடம் ட்ராம் தரிப்பிடம் என்றாள். ரிக்கற் இல்லாதவர் கூட வர முடியாது, அவருடன் வந்தவர்கள் இருந்தால் அவர்களும் தயவுசெய்து அவரோடேயே போகலாம் என்றாள்.

"இவர் உங்களுடைய கணவரா?"

ஒரு பக்கம் மஞ்சள் குடை, ட்ராம், விமானம், ரொறன்ரோ. மறுபக்கம் முப்பத்தொரு வருடக் கலியாணமும் அந்தக் கரடியும்.

"நோ மேடம்," என்றேன். "பாவம், ஆரோ வழி தெரியாத மனுசன்."