நிச்சயமாத்தானா, மாப்ள?

எதையும் வாசிக்காமல் சம்மதம் சொல்லும் வியாதி எனக்கு உண்டு. கடைசியாக நான் ஒழுங்காக வாசித்தது சாதாரண தரப் பரீட்சை வினாத்தாளை. (அதுவும் மூன்றாம் கேள்வி வரைக்கும்தான்.)

தங்கச்சி கல்யாணத்துக்குப் போனில் அனுப்ப ஓர் அழைப்பிதழ் செய்யும் பொறுப்பை நானே பிடுங்கிக்கொண்டேன். பதுளையில் போட்டோகொப்பிக் கடையில் வேலை என்பதால், வீட்டில் நான்தான் கம்ப்யூட்டர் மேதை!

அன்று வியாழன். கடையில் கூட்டமில்லை. என் போனிலேயே செய்த கார்டு முக்கால்வாசி முடிந்திருந்தது. மாமாவின் இனிஷியல் மட்டும் மறந்துபோனதால், அந்த இடத்தில் 'தாய்மாமன்: பிறகு பார்ப்போம்' என்று அடித்து வைத்திருந்தேன். இனி ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு மட்டும் வேண்டும். அதற்கென்றே சுண்டுவிரல் அளவில் ஒரு குட்டி மென்பொருள் கிடைத்தது. அமுக்கினேன்.

"இதை நிறுவவா?" ஆம். "நிச்சயமாகத்தானா?" ஆம். "தயாரித்தவரை நம்புகிறீர்களா?" ஆம்! (மாப்பிள்ளை வீட்டார்கூட எங்களை இவ்வளவு விசாரிக்கவில்லை.) "உங்கள் கோப்புகளைப் பார்க்கலாமா?" பாரு! "போனில் உள்ள இலக்கங்களை?" அதையும் பாருடா சாமி! ஒரு விளக்கு ஏற்ற இத்தனை அனுமதியா?

விளக்கு வந்தது. கூடவே இன்னொரு கேள்விப் பெட்டியும் வந்தது. அதே வேகத்தில் அதற்கும் ஒரு 'ஆம்'. அமுக்கிய பிறகுதான் வாசித்தேன்: "எல்லோருக்கும் இப்போதே அனுப்பவா?"

எங்கள் குடும்பத்தில் முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய்க் கூப்பிட்ட பிறகுதான் ஊருக்குச் சொல்வோம். அவர் மாலை போட்டால்தான் பெண் மணவறைக்கே வருவாள். ஞாயிற்றுக்கிழமை மாமா ஊரான நமுனுகுல போய் அழைப்பதாக இருந்தோம்.

பத்து நிமிடத்தில் அம்மாவின் போன்.

"டேய், அண்ணன் பேசிச்சு. 'என்னைய பிறகு பார்ப்பீங்களாமே, நல்லா பாருங்க, நான் வரல'ன்னு போன வச்சிருச்சு! என்னடா செஞ்ச?"

"விளக்கு வச்சேன்மா."

அன்றே அம்மாவும் நானும் தாம்பாளத்தோடு பஸ் ஏறினோம். வழியெல்லாம் மாமாவுக்குப் போன் போட்டு, பெட்டி பெட்டியாக அது கேட்ட கேள்விகளையும் என் 'ஆம்'களையும் ஒப்பித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

மாமா வாசலிலேயே நின்று அம்மாவிடம் சொன்னார்: "தங்கச்சி, நீ உள்ள வா. இவன் அங்கயே நிக்கட்டும்."

தாம்பாளத்தை நீட்டினேன். "கல்யாணத்துக்கு அவசியம் வரணும் மாமா."

"என்னையவா கூப்பிடுற?"

"ஆமாங்க மாமா."

"நிச்சயமாத்தானா, மாப்ள?"

"ஆமாங்க மாமா!"

"நான்தான் தாய்மாமன்னு நம்புறியா?"

"ஐயோ, ஆமாங்க மாமா!"

"அப்ப என் பேர இனிஷியலோட சொல்லு."

'ஆம்' சொல்லித் தப்ப முடியாத கேள்வி! வரும் வழியில் இரண்டு மணி நேரம் அம்மா பக்கத்திலேயே இருந்தும், அதைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை பாருங்கள். குத்துமதிப்பாக, "எம்.கே..." என்று ஆரம்பித்தேன்.

"அடேய், அது ஒங்கப்பன் இனிஷியல்டா!"

உள்ளே அத்தை வெடித்துச் சிரித்தார். அடுத்து அம்மா. மாமா மீசையைத் தடவி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தாம்பாளம் கைமாறியது. தங்கச்சிக்கு அவர்தான் மாலை போட்டார்.

போன வருடம் என் கல்யாணம். பதிவாளர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, "சம்மதம்தானே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து மாமாவின் குரல்:

"முழுசா வாசிச்சிட்டுச் சொல்லு, மாப்ள!"

மண்டபமே சிரித்தது. நான் வழக்கம்போல் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மணப்பெண்தான் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு வரியாக வாசிக்க ஆரம்பித்தாள்.