மாமனாரின் கோழிகள்

“ஐயோ, கோழியெல்லாம் எங்கே?”

மாப்பிள்ளை போட்ட அலறலில் சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். மேசையில் மாமனாரின் லேப்டாப். நேற்று வரை திரை கொள்ளாமல் மேய்ந்த கோழிகளில் இப்போது மிச்சம் ஒன்றே ஒன்று. அதுவும் நோஞ்சான். அவரைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தது.

“என்னங்க பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. ரொம்ப ஸ்லோவா இருக்கேன்னு எங்க கடை டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். பிரவுசர்ல இருக்கறதையெல்லாம் அழிச்சுடுங்க, சரியாயிடும்னான். அழிச்சேன்.”

“சரியாயிடுச்சா?”

“வேகமாத்தான் இருக்கு. கோழிதான் இல்ல.”

மாமனார் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக அவருக்கு உலகமே இந்தக் கோழிப் பண்ணை விளையாட்டுதான். பிரவுசரில் திறந்து வைத்தால் போதும். கோழி தானாக முட்டையிடும். முட்டை சேர்ந்தால் புதுக் கோழி வாங்கலாம். அதுவும் முட்டையிடும். ஆடுகிறவர் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. அதை மாமனார் கண்ணும் கருத்துமாகச் செய்துவந்தார். சாப்பாடு அதன் முன்னால், தூக்கம் அதன் பக்கத்தில். மாமியாரோடு சின்ன மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது, அங்கே நெட் சரியாக வராது என்று, பண்ணையை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதுதான் விஷயமே. அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளை கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுக்கவே யோசிப்பார்கள். அவர் பழுது பார்த்த மின்விசிறி தரைக்கு வந்துவிட்டது. அவர் இறுக்கிய குழாய் கையோடு வந்துவிட்டது. நல்ல மனிதர்தான், கைதான் அவர் சொன்ன பேச்சைக் கேட்காது. அப்பேர்ப்பட்டவரின் தோளைத் தட்டி, “உங்களை நம்பித்தான் மாப்பிள்ளை போறேன்” என்று மாமனார் சொன்னபோது அவர் லேப்டாப்பை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

“அப்பாகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

“சொல்றதா? செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது.

“மாப்பிள்ளை, பண்ணை எப்படி இருக்கு? ஏதாவது… ஆச்சா?”

“ஒண்ணுமே ஆகல மாமா! ஜம்முனு இருக்கு. நீங்க விட்டுட்டுப் போனதுக்கு ரெண்டு மடங்கு!”

மறுமுனையிலிருந்து “ஓ, அப்படியா” என்று மெல்லிய குரல் வந்தது. போன் வைக்கப்பட்டது.

“சந்தோஷத்துல மனுஷனுக்குப் பேச்சே வரல” என்றார் மாப்பிள்ளை.

“இல்லாத பண்ணை எப்படிங்க ரெண்டு மடங்காச்சு?”

மாப்பிள்ளை உடனே நோஞ்சான் கோழிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கோழியைத் தட்டினால் முட்டை வரும் என்று தெரிந்துகொண்டு அன்று முழுக்கத் தட்டினார். விரல் வீங்கியது. மறுநாள் சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. என்டர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாலும் முட்டை வரும் என்று கண்டுபிடித்து, அதன் மேல் உப்பு ஜாடியைத் தூக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். மூளை வேலை செய்கிறது என்று பாட்டு வேறு.

குளித்துவிட்டு வந்தால் பண்ணை காலி. ‘கோழியை விற்றுவிடலாமா?’ என்று விளையாட்டு கேட்டிருக்கிறது. ஜாடி, “சரி” என்றிருக்கிறது. ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டிருக்கிறது. ஜாடி அதற்கும் “சரி” என்றிருக்கிறது.

“இருந்த ஒண்ணையும் வித்துட்டீங்களா?” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“நான் எங்கே வித்தேன்? ஜாடி வித்துச்சு!”

மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. மூடினால் இன்னும் என்ன ஆகுமோ என்று பயந்து, லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைக்கு நடந்தார். எதிரே வந்தவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் டெக்னீஷியன், லென்ஸ் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

“அட, நீங்களும் இந்த விளையாட்டுல இறங்கிட்டீங்களா சார்? என்னுது பேக்கரி. முதலாளிக்குத் தங்கச் சுரங்கம். கல்லா கம்ப்யூட்டர்ல ஓடுது, பில்லே போட முடியல.”

கண்ணைக் காட்ட உட்கார்ந்திருந்த அம்மாளும், “எனக்கு மீன்” என்று கூச்சத்தோடு சேர்ந்துகொண்டார்.

“தம்பி, எனக்கு மானம் போகுதுடா. பழையபடி கோழி வேணும்.”

“அது பெரிய வேலையா சார்? புரோகிராமுக்குள்ளே போய் நம்பரை மாத்திவிட்டா முடிஞ்சுது. எத்தனை கோழி இருந்துச்சு?”

“யாருக்குத் தெரியும்? நிறைய சைபர் இருந்துச்சு. நான் வேற ரெண்டு மடங்குன்னு வாயை விட்டுட்டேன்.”

“குறைஞ்சாத்தானே சந்தேகம் வரும்” என்று டெக்னீஷியன் தாராளமாக சைபர் போட்டான். மாப்பிள்ளை கண் பரிசோதனை எழுத்துப் பலகை இருக்கும் இடத்தில் லேப்டாப்பை வைத்து, அம்மாளிடம் படிக்கச் சொன்னார்.

“ஒண்ணு… அப்புறம் சைபர், சைபர், சைபர்… தம்பி, இது முடியவே மாட்டேங்குதே!”

“கண்ணு உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு” என்று அவரைச் சந்தோஷமாக அனுப்பி வைத்தார். திரையில் வாணவேடிக்கை வெடித்தது. உலகத்திலேயே பெரிய பண்ணை இதுதான் என்று ஒரு கிரீடம் வந்து உட்கார்ந்தது.

மாமனாரும் மாமியாரும் திரும்பி வந்த அன்று மாப்பிள்ளை லேப்டாப்பைத் துடைத்து, கூடத்தில் நடுநாயகமாக வைத்திருந்தார்.

“பாருங்க மாமா! ஒரு கோழிக்கு ஒண்ணும் ஆகல. உலகத்துலயே நீங்கதான் முதல்!”

மாமனார் பார்த்தார். முகம் வெளுத்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கை தானாக மவுஸைப் பிடித்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. கண்ணில் பழைய பளபளப்பு வந்துவிட்டது.

“எப்படி மாமா?” என்று மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினார். மாமனார் காதில் அது விழவில்லை.

வாசலில் நின்ற மாமியார் கையிலிருந்த பையைத் தொப்பென்று கீழே போட்டார்.

“உங்க கையில குடுத்தா ஒரே நாள்ல தொலைஞ்சுடும், இவரும் இந்தப் பைத்தியத்தைத் தலை முழுகிடலாம்னு நம்பித்தானே மாப்பிள்ளை, நானும் இவரும் பேசி வச்சுக்கிட்டு ஊருக்கே கிளம்பினோம்!”