குதிக்கால் அண்ணை மறித்த பஸ்

இத்தாலியின் பலெர்மோவில் உள்ள எல்லாக் கைபேசிகளையும் தொலைக்காட்சிகளையும் ஒன்றாக அடுக்கினாலும், வானிலை விஷயத்தில் குதிக்கால் அண்ணையின் ஒற்றைக் குதிக்காலுக்குக் காணாது. இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அட்டையில் மட்டும்தான் இருந்தது. மன்னார்க்காரர். ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய வீட்டுக்காரம்மா வீட்டில் சமையலும் தோட்டமும் அவர் பொறுப்பு. ஒக்டோபர் பிறந்தால் விடியவே வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கி, குதிக்காலை மண்ணில் ஊன்றி, பள்ளம் எத்தனை விரல் என்று குனிந்து அளப்பார். பிறகு, அவரைப் போல வீட்டுவேலை செய்யும் எங்கள் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் குரல் வரும்.

"மூண்டு விரல் ஈரம். வியாழன் பின்னேரம் உடுப்புக் காயாது. ஞாயிறு நல்ல வெய்யில், பிள்ளையளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

வியாழன் அரைநாளும் ஞாயிறும்தான் எங்களுக்கு லீவு. அவருடைய வானிலையும் அந்த ஒன்றரை நாளுக்குத்தான். ஒருமுறை செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்ட என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செவ்வாய் நீர் வீட்டுக்குள்ளைதானே நிலம் துடைக்கிறீர்? உமக்கேன் மழை?"

கலியாண வீட்டுக்குப் போனாலும் மண்டபத் தோட்டத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கிவிடுவார். ஒரு கலியாண அல்பத்தில் மாப்பிள்ளையைவிட அவர்தான் அதிகம் இருக்கிறார்.

அப்படியிருக்க, ஒரு நவம்பர் ஞாயிறு தூரத்து மலையிலுள்ள மாதா கோயிலுக்கு யாத்திரை ஒழுங்காகியது. ஐம்பது பேர், பிள்ளைகள், பெரிய புரியாணிச் சட்டி. வானத்தில் ஒரு முகில் இல்லை. கால் நிறையச் சேற்றோடு ஓடி வந்த அண்ணை, பஸ்ஸின் வாசற்படியில் குந்திவிட்டார்.

"நாலு விரல் தாண்டிட்டுது. மண் ஐஸ் மாதிரிக் கடிக்குது. மலையிலை ஸ்னோ கொட்டப்போகுது. பஸ் போகேலாது."

"நவம்பரிலை ஸ்னோவோ? மன்னாரிலை ஸ்னோவை எங்கை கண்டனீங்கள்?" என் மனைவி வெடித்தாள். "ஆறு நாள் மற்றவையின்ரை வீட்டைத் துடைச்சுப்போட்டு ஒரு ஞாயிறுக்கு ஏங்கிக் கிடக்கிறம். அதையும் பறிக்கிறியளோ?"

"ஸ்னோ வராட்டி இனி நான் வானிலை கதைக்கமாட்டன், தங்கச்சி. பிள்ளையளை மட்டும் கொண்டுபோகாதேங்கோ."

பனியில் வழுக்காமல் சில்லுக்குப் போடும் சங்கிலி கொண்டுவராத சாரதி, நமக்கேன் வம்பு என்று எஞ்சினை நிறுத்தினார்.

அன்று பலெர்மோவில் வெயில் கொளுத்தியது. எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் புரியாணி சாப்பிட்டோம். அண்ணையோடு ஒருவரும் கதைக்கவில்லை. நானும்தான், எனக்கும் நல்ல கோபம். அவர் ஒரு மூலையில் தொடாத தட்டோடு இருந்தார்.

மூன்று மணிக்குச் சாரதிக்குப் போன் வந்தது. கேட்டவர் மூன்று தரம் சிலுவை போட்டுக்கொண்டார். மலைப்பாதை பனியில் மூடிவிட்டதாம். வேறு இரண்டு பஸ்கள் நடுவழியில் சிக்கி நிற்கின்றனவாம்.

என் மனைவி சட்டியைத் துழாவி, மிச்சமிருந்த நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அண்ணையின் தட்டில் வைத்தாள். வென்ற மனிதர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், எழுந்து சாரதியிடம் போனார்.

"அந்த பஸ்ஸுகளிலை பிள்ளையள் இருக்குதோ எண்டு ஒருக்காக் கேளும் தம்பி."

மறுநாள் என் சிஞ்ஞோரா செய்தியைப் பார்த்து, நான் நடந்ததைச் சொன்னதும், உங்களைத் தடுத்த அந்த நிபுணர் யார் என்று வியந்து கேட்டார். "எங்கட அண்ணை" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி, தமிழிலேயே. அண்ணைக்கும் எனக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. ஆனால் கூடப்பிறந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போதுகூட எனக்கு அப்படியொரு குரல் வந்ததில்லை.