மாவுக்கட்டோடு எழுந்து நின்ற சாட்சி

நான் பிடிவாதக்காரி. அதிலும் மரியாதை தெரிந்த பிடிவாதக்காரி, ஆபத்து கூடுதல். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் பெரிய மனிதர் முன்னால் எப்படி நடந்துகொள்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை (என்று அன்றுவரை நினைத்திருந்தேன்).

பாரூரில் என் தம்பியின் கரும்புக் காட்டுக்கு ஒரே ஒரு வண்டித்தடம். பக்கத்துக் காட்டுக்காரர் அதில் வேலி போட்டுவிட்டார். கரும்பை வெளியே கொண்டுவர வழியில்லை. அந்தத் தடம் காலங்காலமாக இருந்தது என்று சொல்ல உயிரோடிருந்தது நான் ஒருத்திதான். நானோ மத்திகிரியில், மகன் வீட்டில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தேன். பயணம் கூடாது, நிற்கவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டி எங்கள் வக்கீல் மனுப்போட்டு, கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போகாமல் பக்கத்திலிருக்கும் ஓசூரிலேயே ஓர் அலுவலகத்தில் டிவி வழியாகச் சாட்சி சொல்ல அனுமதி வாங்கினார். அப்போது அது புதுசு.

டிவியில் ஜட்ஜ் தெரிந்ததும் மேசையைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டேன். என் பக்கத்திலிருந்து சாட்சியைக் கவனிக்க கோர்ட் அனுப்பியிருந்த சின்ன வக்கீல் உட்காரச் சொல்லி இரண்டு தரம் கெஞ்சினார். என் மரியாதையைச் சோதிக்கிறார் என்று இன்னும் நிமிர்ந்தேன். அங்கே கிருஷ்ணகிரியில் அவர்களுக்கு என் வயிறு மட்டும்தான் தெரிந்ததாம். கேமராவை உயர்த்தி வைத்தார்கள்.

எதிர்க்கட்சி வக்கீல் மெதுவாக ஆரம்பித்தார். "ஐயா, நிக்க முடியாதுன்னு மனு போட்டாங்க. இந்தம்மா கால் மணி நேரமா கம்பம் நட்ட மாதிரி நிக்கறாங்க."

"ஏம்மா, உக்கார வேண்டியதுதானே?" என்றார் ஜட்ஜ்.

"நீங்க இருக்கறப்ப நான் எப்பிடிங்க சாமி உக்கார்றது?"

(பெருமையாகத்தான் சொன்னேன்.) அனுமதி ரத்து. அடுத்த வாய்தாவுக்கு நேரில் வரவேண்டும் என்றார். கூட வந்திருந்த தம்பி திட்டவில்லை. என்னைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றி, காலுக்குத் தலையணை வைத்தான். அதுதான் வலித்தது.

"நான் கெடுத்தத நானே சரி பண்றேன்டா," என்றேன்.

டாக்டரைக் கேட்காமல், டெம்போவில் மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டே கிருஷ்ணகிரி போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் என் எலும்பு என்னைத் திட்டியது. கோர்ட்டில் ஜட்ஜ் நாற்காலி போடச் சொன்னார். நான் யோசிப்பதற்குள் தம்பி தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தள்ளிப் போனான்.

அந்தத் தடம் எனக்கு எப்படித் தெரியும் என்று அதே வக்கீல் கேட்டார்.

"கல்யாணமாகி அதுலதாங்க வண்டியேறிப் போனேன். மாட்ட ஓட்டுனதே உங்க கட்சிக்காரரோட அப்பா."

வக்கீல் திரும்பித் தன் கட்சிக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

தடம் கிடைத்தது. என் கால் மட்டும் கொஞ்சம் கோணலாகக் கூடிவிட்டது. இன்றைக்குப் பேத்தி போனில் முகம் காட்டிப் பேச வந்தால், மருமகள் முதலில் நாற்காலியைத்தான் இழுத்துப் போடுகிறாள்: "உக்காருங்க அத்தை. நீங்க நின்னா கேஸ் கெட்டுடும்."

உட்கார்ந்துவிடுகிறேன். ஜட்ஜ் யாராவது பேச வந்தால் மட்டும் எழுந்துகொள்வேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.